நானே தைத்த மைனஸ் இருபது

போன வருஷம் அக்டோபர் மாதம், தாராவியில் என் பட்டறையில் சீசன் உச்சத்தில் இருந்த நேரத்தில் நடந்தது இது. நான் தைப்பது குளிர் ஜாக்கெட். மும்பையில் குளிரே கிடையாது. ஜனவரியில் நாலு நாள் விடியற்காலையில் ஃபேனை நிறுத்துவோம், அவ்வளவுதான். ஆனால் வடக்கே குளிர் ஊர்க் கடைகளில் தொங்கும் ஜாக்கெட்டுகளில் கொஞ்சம் எங்கள் சந்துகளிலிருந்துதான் போகிறது. மழை தகரத்தில் அடிக்கும் ஜூலை மாதம், காரீகர்கள், அதாவது என் தையல் ஆட்கள், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்வை சொட்டச் சொட்டப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் பாதியில் வேலை முடிந்துவிடும். ஜனவரியில் பட்டறை காலி. வருஷத்தில் எனக்கு ஓய்வு என்றால் அந்த ஒரு மாதம்தான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. "லடாக்குக்கு எல்லாரும் ஜூன்ல போவாங்க, ஜனவரியில எவன் போவான்?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஜூனில் எனக்குச் சாகக்கூட நேரம் கிடையாது. குளிர் ஜாக்கெட் தைக்கிறவன் குளிரைப் பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலத்தில்தான் முடியும். இது புரிய ஒரு நிமிஷம் போதும். ஆனால் யாருக்கும் புரியவில்லை.

ஆசைப்பட்டது நான் இல்லை, என் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பட்டறை வீட்டுக்கு மேல்மாடியில்தான். பட்டன் வைப்பது, தொங்கும் நூலை வெட்டுவது, மடித்துப் பாலிதீன் உறையில் போடுவது எல்லாம் அவள்தான். மும்பையை விட்டால் திருநெல்வேலி, திருநெல்வேலியை விட்டால் மும்பை. வேறு ஊர் பார்த்ததில்லை. இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற ஆளும் இல்லை. ஒரு நாள் மடித்துக்கொண்டே சொன்னாள், "இத்தன ஆயிரம் மடிச்சாச்சு. இதப் போட்டுக்கிட்டு நிக்க எடத்த ஒருவாட்டி பாக்கணும்ங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்ப முடியாது.

எங்கள் இரண்டு பேரோடு, மாட்டுங்காவில் இருக்கும் என் பள்ளிக்கூட நண்பன், அவன் மனைவி, என் மனைவியின் தம்பி என்று ஐந்து பேர் சேர்ந்தோம். நண்பன் பேங்கில் வேலை பார்த்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன். அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. அதுதான் பிரச்சினை. போனில் ஒரு குரூப் ஆரம்பித்தான். தினமும் முப்பது வீடியோ. எல்லாம் கோடையில் எடுத்தது. நீலமான ஏரி, பச்சைப் புல், பைக்கில் போகும் பையன்கள். "ஏண்டா, இதெல்லாம் ஜனவரியில இருக்காதுடா" என்றால், "இல்லடா, ஒரு ஐடியாவுக்குத்தான் அனுப்பறேன்" என்பான். பிறகு எக்செல் ஷீட் போட்டான். ஏழரை மணிக்கு டிபன். விமானம் இறங்கிய அன்றே பத்து மணிக்கு மடாலயம், பன்னிரண்டுக்கு அரண்மனை, அடுத்த நாள் விடியற்காலையில் ஏரி. பேங்க் ஆடிட் மாதிரி இருந்தது. அவன் மனைவிக்கு ஒரே கவலைதான். அங்கே தயிர் தோயுமா, தோயாதா. இதை என்னிடம் ஐந்து தடவை கேட்டார். நான் பால்காரனா?

என் மச்சினனுக்கு பைக் வேண்டும். "மச்சான், பைக்க எடுத்துட்டு ஒரே ஓட்டா ஓட்டிருவோம்" என்று எல்லாச் செய்திக்கும் கீழே அதையே எழுதினான்.

"ரோடு மூடிக் கெடக்கு மாப்ள. பனி."

"பனியிலதான் மச்சான் கெத்து."

ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் நன்னா சண்டை போடுவே, நீயே பேசு" என்றான் நண்பன். நாலு டிராவல் ஏஜெண்டுகளிடம் பேசினேன். ஒருவன் அனுப்பிய பேக்கேஜ் படத்தில் பூ பூத்திருந்தது. இன்னொருவன், ஏரியில் போட்டிங் உண்டு என்றான். ஜனவரியில் அந்த ஏரி பாறையாக உறைந்து கிடக்கும், அதன்மேல் ஆட்கள் நடக்கிறார்கள் என்று நானே படித்திருந்தேன். "போட் எதுல ஓடும்?" என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஏஜெண்டே வேண்டாம் என்று, லே ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்க இடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து, அந்த நம்பருக்கு நேராகப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். நாங்கள் பேசியது இந்தியில். என்னுடையது பம்பாய் இந்தி, யாரையும் நீ வா போ என்றுதான் வரும். அந்தம்மா கடைசிவரைக்கும் என்னை நீங்கள் என்றே சொன்னார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

என்ன தேதி என்று அவர் கேட்கவில்லை. எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயசு, யாருக்கு பிரஷர், யாருக்கு இழுப்பு, யாருக்காவது இதயத்தில் ஏதாவது உண்டா. போலீஸ் வெரிபிகேஷன் தோற்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், வாளியில்தான் தண்ணீர். குளிக்கலாம் என்று வராதீர்கள். கக்கூஸ் மண் போட்டு மூடுகிற மாதிரியானது. உங்கள் ஊர் ப்ரீபெய்ட் சிம் இங்கே செத்த பிணம். மேகம் மூடினால் விமானம் இறங்காது, அதனால் திரும்பும் நாளுக்குப் பிறகு இரண்டு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

"வந்து இறங்கின ரெண்டு நாள் எங்கேயும் போகக் கூடாது. படுத்துக் கிடக்கணும். இங்கே காத்து கம்மி. ஓடியாடினால் தலைவலி, வாந்தி, அதுக்கு மேலயும் வரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படுக்கறதுக்கு அவ்வளவு தூரம் வரணுமா? தாராவியில் சும்மாவே படுக்கலாம்" என்றேன்.

"அப்போ தாராவியிலேயே படுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. கறிகாய்க் கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு அவர் ரூம் வேண்டியிருந்தது. பொறுத்துக்கொண்டேன். அடுத்து, என்ன உடை கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். இருபது வருஷமாக அந்தத் தொழிலே செய்கிறேன், ஐந்து பேருக்கும் என் கையால் தைத்தது வருகிறது, மைனஸ் இருபது டிகிரிக் குளிரைத் தாங்கும் ஜாக்கெட் என்று பெருமையாகச் சொன்னேன்.

"மைனஸ் இருபதுன்னு யார் சொன்னது?"

"டேக்ல இருக்கு."

"டேக்கை யார் வச்சது?"

"நான்தான்."

"அதைப் போட்டுக்கிட்டு நீங்க எங்கே போய் நின்னீங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். ஊர் பெயர் தெரியாத ஒரு பொம்பளை என் தொழிலைப் பற்றி என்னிடமே கேட்கிறாள் என்று தோன்றியது. அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

டேக் சமாச்சாரத்தை விளக்கிவிடுகிறேன். எங்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுப்பவரைப் பார்ட்டி என்போம். அடுத்த சந்தில் லேபிள்காரர் ஒருவர் இருக்கிறார். மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து, மைனஸ் இருபது என்று அச்சடித்த துணி டேக் அவரிடம் ரோல் ரோலாக இருக்கும். பார்ட்டி எது கேட்கிறாரோ அதைக் காலருக்குக் கீழே வைத்துத் தைப்போம். உள்ளே அதே பஞ்சு, வெளியே அதே ரெக்சின், அதே ஜிப். மைனஸ் பத்துக்கும் மைனஸ் இருபதுக்கும் எங்கள் பட்டறையில் இருந்த வித்தியாசம் அந்த டேக் ஒன்றுதான். இதில் யாரையும் ஏமாற்றுகிறோம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எல்லாரும் வைக்கிறார்கள், நானும் வைத்தேன். அது ஒரு அலங்காரம், கையில் பூ வேலை செய்வதுபோல. குளிரே தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க எங்களுக்கு அவசியமும் வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து அந்தம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு மண் சுவர், அதை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். குழாயைச் சுற்றி ஒரு கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. கூடவே குரல் செய்தி. "போன குளிர்காலம் வந்த ஒருத்தர் விட்டுட்டுப் போனது. இதுலயும் மைனஸ் இருபதுன்னுதான் போட்டிருக்கு. மூணாவது நாளே வேற வாடகைக்கு எடுத்துக்கிட்டார். நான் குழாய்க்குச் சுத்தி வச்சேன். குழாயும் உறைஞ்சுதான் போகுது."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாக்கெட் ஓரம் கண்ணில் பட்டது. எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாக்கெட் மூலையில் எல்லாரும் நேராகத் தைத்து முடிப்பார்கள். இவர் ஒரு சின்ன முக்கோணம் போடச் சொல்லிக் காரீகர்களைப் பாடாய்ப்படுத்துவார். அப்போதுதான் கிழியாதாம். படத்தில் இருந்த பாக்கெட்டில் முக்கோணம் இருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம மாலுதான் மொதலாளி. முக்கோணம் கெடக்கே. லடாக்கு வரைக்கும் போயிருக்கு பாத்தீங்களா."

"குழாய்க்குப் போயிருக்கு மாஸ்டர்."

"எங்கயும் கிழியலல்லா? ஒரு நூலு பிரியல பாருங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவரைச் சொல்லி என்ன. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். அந்த விட்டுட்டுப் போன ஆள் சொகுசு ஆசாமியாக இருப்பான், நாம் போட்டுக் காட்டி அந்தம்மாவின் வாயை அடைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு இடம் இருந்தது. என் மச்சினன் வேலை பார்ப்பது ஐரோலிப் பக்கம் ஒரு கோல்டு ஸ்டோரேஜில். ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி, கறி எல்லாம் வைக்கிற குடோன். அவன் அங்கே லோடிங் சூப்பர்வைசர்.

"மாப்ள, உள்ள எவ்வளவு இருக்கும்?"

"மைனஸ் பதினெட்டு மச்சான். சில நாளு இருபது."

"அரை மணி நேரம் நிக்கணும்."

"ஐஸ்கிரீம் வேணும்னா நான் வீட்டுக்கே கொண்டாறேன்."

மேனேஜரிடம் கெஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அனுமதி வாங்கினான். சரக்கு இறங்காத நேரம். நான் புது லாட்டிலிருந்து நல்ல பீஸாக எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் உள்ளே நின்று, வீடியோ எடுத்து, லேவுக்கு அனுப்புவது என் திட்டம். நண்பன் கையில் ஸ்டாப்வாட்ச், தலையில் குரங்குக் குல்லா. எக்செல் ஷீட்டில் இதற்கும் ஒரு பக்கம் திறந்திருந்தான். மனைவியை வர வேண்டாம் என்றேன். "நானும் போட்டுப் பாக்கேன். எனக்காகத்தான போறோம்" என்று கிளம்பிவிட்டாள்.

அக்டோபர் வெயிலில் மூன்று பேர் ரெக்சின் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்கியதைப் பார்த்து கேட் வாட்ச்மேன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மச்சினன் கம்பெனி கொடுத்த தடித்த சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கரடி மாதிரி இருந்தான். அந்த சூட்டைத் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, டேக் எங்கே என்று கேட்டேன்.

"இதுல டேக்கெல்லாம் கெடையாது மச்சான். குளுராது, அவ்ளோதான்."

கனமான கதவைத் தள்ளி உள்ளே போனோம். முதல் இரண்டு நிமிஷம் சுகமாகத்தான் இருந்தது. வெளியே வெந்த உடம்புக்கு இதமாக இருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க அம்மா, மைனஸ் பதினெட்டுல நிக்கறோம்" என்று இந்தியில் பேச்சு ஆரம்பித்தேன். அதற்குள் முதுகில் ஏதோ ஓடியது. நேர்க் கோடாக, மேலிருந்து கீழே. அப்புறம் அக்குளில், தோளில். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எங்கெல்லாம் ஊசி இறங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் குளிர் உள்ளே வந்தது. பஞ்சு நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தைக்கிறோம். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தையும் என் முதுகால் எண்ண முடிந்தது. இருபது வருஷமாகக் கத்தரிக்கும் பேட்டர்னை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன்.

ஜிப்புக்குப் பின்னால் தடுப்புத் துணி வைப்பதில்லை. வைத்தால் துணி அதிகம் போகும். அந்த ஜிப் வழியாக நெஞ்சில் பிளேடு வைத்ததுபோல இருந்தது. ரெக்சின் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. கையை மடக்கினேன். சட்டென்று ஒரு சத்தம். முழங்கையில் ரெக்சின் வெடித்து வாய் பிளந்தது.

"டேய், ஒடஞ்சது கையா, ஜாக்கெட்டா?" என்றான் நண்பன். பல் தந்தி அடித்தது. ஆறாவது நிமிஷம், "எனக்கு இந்த சயின்ஸ் போறும்டா" என்று ஸ்டாப்வாட்சை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் போகவில்லை. பிடிவாதம். மனைவியைப் பார்த்தேன். பட்டாணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள்.

"குளுருதா?"

"இல்ல."

ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் கேட்டேன். மறுபடியும், "இல்லங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. நண்பன் ஓடிவிட்டான், என் மனைவி நிற்கிறாள், ஜாக்கெட் தாங்குகிறது என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். என் உடம்பு நடுங்குகிறது, அதே ஜாக்கெட் அவளுக்கு மட்டும் எப்படித் தாங்கும் என்று யோசிக்கவில்லை.

ஒன்பதாவது நிமிஷம் மச்சினன் இரண்டு பேரையும் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். "போதும் மச்சான். ரெண்டு பேருக்கும் வாய் கோணுது."

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. நான் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தேன். அவள் அப்படியே நின்றாள். கழற்று, வேர்த்துவிடும் என்றேன். கையை ஜிப் இழுக்கும் ரன்னருக்குக் கொண்டு போனாள். பிடி வழுக்கியது. மறுபடி போனாள். விரல்கள் மடங்கவில்லை. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு கட்டைபோலப் போய் ரன்னரில் இடித்துத் திரும்பின. நகமெல்லாம் வெளிறியிருந்தது. மூன்றாவது தடவை இடது கையால் முயன்றாள். அதுவும் அப்படித்தான். அந்த ரன்னர் சின்னதாக, சிக்கனமாக இருக்கட்டும் என்று நான் தேர்ந்தெடுத்தது. கடைசியில் நான்தான் ஜிப்பை இறக்கினேன்.

"குளுருதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா போக வேண்டாம்னுருவீங்க."

மச்சினன் டீ கொண்டுவந்தான். டம்ளரைச் சுற்றி அவள் கையை வைத்து, அதற்கு மேல் என் கையை வைத்துக்கொண்டு அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் சரியாகக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நண்பன் என் ஜாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து காலரைத் திருப்பிப் பார்த்தான். "ஏண்டா, மைனஸ் இருபதுன்னு போட்டிருக்கியே, இத யாரு அளந்தா?"

அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மேல் என்ன தப்பு? லேயிலிருந்து ஒருத்தி கேட்டதும் மாட்டுங்காவிலிருந்து ஒருவன் கேட்டதும் ஒரே கேள்வி. பதில் இல்லாதவன் கத்தத்தான் செய்வான்.

என் தலையில் ஓடியது வேறு. அந்த உறைந்த ஏரிக்கரையில் இவள் இதே ஜாக்கெட்டோடு நின்றிருப்பாள். குளிருதா என்று நான் கேட்டிருப்பேன். இல்லை என்றிருப்பாள். நானும் காலரில் இருக்கும் டேக்கை நினைத்துக்கொண்டு நம்பியிருப்பேன். அங்கே ஒன்பது நிமிஷத்தில் தோளைப் பிடித்துத் தள்ள மச்சினன் இருந்தாலும், தள்ளிவிடக் கதவும் இல்லை, வெளியே வெயிலும் இல்லை.

மறுநாள் அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். முந்தின தடவை பாதியில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அது சரியாக வராது. "ஒன்பது நிமிஷம்" என்று மட்டும் சொன்னேன், நடந்ததையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க விரல் இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. சரியாகிவிட்டது என்றதும், "சரி, வாங்க. ரூம் இருக்கு" என்றார். அதுவரைக்கும் அவர் எனக்கு ரூம் கொடுக்கிறேன் என்று சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒரு பட்டியல் சொன்னார். ரெக்சின் கூடாது. பருத்திப் பனியன் உள்ளே போடக் கூடாது, வேர்வையை வைத்துக்கொண்டு குளிரும். கம்பளி ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேலே போடுகிற பெரிய ஜாக்கெட்டும் பூட்ஸும் லே கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும், அளவை அனுப்புங்கள், நானே போய்ப் பார்த்து எடுத்து வைக்கிறேன். கடைசியாகச் சொன்னார், "உங்க ஜாக்கெட் ஒண்ணு கொண்டு வாங்க. இங்கே இன்னொரு குழாய் இருக்கு."

முதல் தடவை அவர் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றைக்கே மாஸ்டரிடம், அனுப்புவதற்கு மடித்து வைத்திருந்த லாட்டைப் பிரித்து எல்லாக் காலரிலும் டேக்கை எடுக்கச் சொன்னேன். "எல்லாவனும்தான வைக்கான் மொதலாளி, நாம மட்டும் எடுத்து என்ன ஆவப் போவுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். பார்ட்டிக்கு விஷயத்தைச் சொன்னேன். டேக் இல்லாத ஜாக்கெட்டை எவன் வாங்குவான், உனக்கு மண்டையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் அசையவில்லை. அவர் ஆர்டரை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துப் பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே இன்றைக்கும் அதே பஞ்சு, அதே ரெக்சின், அதே மைனஸ் இருபது தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருந்தியதால் உலகம் ஒன்றும் மாறவில்லை. நான் இருபது வருஷமாகத் தைத்து அனுப்பியதையும் திரும்பக் கூப்பிட முடியாது. அவற்றைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் குளிரவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றார்களோ, தெரியாது.

ஜனவரிக் கடைசியில் போனோம். இரண்டு நாள் படுத்தே கிடந்தோம். நண்பனின் எக்செல் ஷீட் அவன் தலைமாட்டில் கிடந்தது, அவன் தலைவலியோடு அதற்குப் பக்கத்தில் கிடந்தான். தயிர் தோயவில்லை. மச்சினன் பைக்கைப் பற்றிப் பேசவே இல்லை. என் மனைவி கரடி மாதிரி உடை போட்டுக்கொண்டு உறைந்த ஏரிக்கரையில் நின்றாள். இந்தத் தடவை நான் கேட்கும் முன்னாலேயே, "குளுருதுங்க, ஆனா தாங்குது" என்றாள். கையுறையைக் கழற்றிப் பனியைத் தொடப் போனாள். நான் போட்ட கத்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தம்மா என்னைவிட வயதில் சின்னவர், குள்ளமாக, எப்போதும் ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தார். பின்பக்கம் கூட்டிப் போய்க் குழாயைக் காட்டினார். முக்கோணத் தையல் ஒன்றுகூடப் பிரியாமல் என் ஜாக்கெட் அங்கே இருந்தது, மேலே பனி பூத்துப்போய். அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். விடமாட்டேன் என்றார், குழாய்க்கு வேண்டுமாம். சின்னக் கத்தரிக்கோல் ஒன்று கேட்டு வாங்கி, காலரைத் திருப்பி, டேக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது நான் ஜிப்புக்குப் பின்னால் தடுப்புத் துணி வைக்கிறேன், பஞ்சை இரண்டு அடுக்காக வைக்கிறேன், புது டிசைன் எதுவானாலும் முதலில் நானே போட்டுக்கொண்டு மச்சினனின் குடோனில் போய் நிற்கிறேன், எண் மட்டும் எதுவும் போடுவதில்லை. ரன்னரில் ஒரு தோல் வளையம் மாட்டுகிறேன், விரல் மடங்காத கையும் நுழைகிற அளவுக்குப் பெரிதாக. இது எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் ஒவ்வொரு வளையத்தையும் மாட்டியதும் என் விரல்களை மடக்காமல் கட்டைபோல நீட்டி, அதற்குள் விட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் எந்த ஜாக்கெட்டையும் நான் கீழே அனுப்புவதில்லை.